அப்பாவைப் பக்கவாதத்திலிருந்து காத்து வருபவர்களுக்கு நன்றி மடல்

நரம்பியல் பிரிவின் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் பணிவான வணக்கம்.

சோறு பிசைந்துகொண்டிருந்த அப்பாவின் வலக்கை திடீரென்று துவண்டு, பேச்சும் குழறி, சற்று நேரத்தில் இரண்டும் சரியாகிவிட்ட அன்று, "காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டில் பேச்சு எழுந்தபோது, அதற்கு இடம் கொடுக்காமல் உடனே அழைத்து வந்த பக்கத்து வீட்டு ஆட்டோ ஓட்டுநர் அண்ணனுக்கு முதல் நன்றி. மூளையின் இடப்பக்க நடுத்தமனி 70 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியிருப்பது அன்றிரவு எடுத்த ஸ்கேனில்தான் தெரிந்தது.

இதயத்துக்கு வைப்பதுபோல் மூளைக்கும் ஸ்டென்ட் (சுருங்கிய தமனியை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துவிடலாமே என்று உறவினர்கள் மாறி மாறிக் கேட்டார்கள். மருத்துவர் ஐயா சலிக்காமல் தாளில் படம் வரைந்தே விளக்கினார். மூளைக்குள் ஓடும் தமனிகளின் சுவர் மெல்லியது. அவற்றிலிருந்து நூலிழைபோல் சிறு கிளைகள் பிரிகின்றன. ஸ்டென்ட்டை விரிக்கும்போது நெருக்கப்படும் கொழுப்புப் படிவு அக்கிளைகளின் வாயை அடைத்துவிடக்கூடும். மருந்தையும் மீறிப் பாதிப்பு வந்தால் மட்டும் ஸ்டென்ட் பற்றி யோசிப்போம் என்றார்.

அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதற்குப் பின்னால் அமெரிக்காவில் நடந்த சாம்ப்ரிஸ் ஆய்வு இருக்கிறது. அதில் சேர்ந்த 451 நோயாளிகளில் ஸ்டென்ட் வைக்கப்பட்ட பிரிவில் 30 நாட்களுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் 14.7 சதவீதம், தீவிர மருந்துச் சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 5.8 சதவீதம். அதனால் 2011 ஏப்ரலில் புதிய நோயாளிகளைச் சேர்ப்பதையே நிறுத்தினார்கள். தங்கள் உடலையே ஆய்வுக்கு ஒப்படைத்த அந்த முகம் தெரியாத மனிதர்களுக்கும், அவர்களில் உயிரிழந்தோரின் குடும்பங்களுக்கும் நாங்கள் பட்டிருக்கும் கடன் பெரிது. அப்பாவுக்கு எது ஆபத்து என்பதை எங்களுக்கு முன்பே காட்டியவர்கள் அவர்கள்.

முதல் மூன்று மாதம் ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோகிரெலும், பின்பு ஆஸ்பிரின் மட்டும், கூடவே கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை என்று சிகிச்சை நடந்தது. எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழேயும், மேல் ரத்த அழுத்தம் 140-க்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்றார்கள். ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகே, கையை நெஞ்சு உயரத்துக்கு மேசைமேல் வைத்து, பேசாமல் அழுத்தம் பார்க்க வேண்டும் என்று அம்மாவின் கையாலேயே செய்யவைத்துப் பழக்கிய செவிலியர் சகோதரியை நாங்கள் மறக்கவே மாட்டோம். ஊறுகாயும் கருவாடும் எங்கள் வீட்டை விட்டுப் போனது அவர் சொல்லுக்காகத்தான்.

அப்பா நலமாக இருக்கிறார், மாத்திரையை ஒரு வேளையும் தவறவிடுவதில்லை. அம்மா எழுதிவரும் ரத்த அழுத்த நோட்டுடன் அடுத்த பரிசோதனைக்கு வருகிறோம்.

நன்றியுடன்,
அவருடைய மகள்