வாசலுக்கு வெளியே நின்று எடுத்த படம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஊருக்கு வந்து பத்து நாளாகிறது. அம்மாவின் முட்டி வலி தேவலை. மாடியில் கறிவேப்பிலை மட்டும் பிழைத்துக் கிடந்தது, மற்ற தொட்டியெல்லாம் போச்சு.

'மொனாக்கோவுக்குப் போய் நாற்பது படம் அனுப்பியிருக்கீங்க, ஒரு காரைக்கூடக் காணோம், ஒரு கப்பலைக் காணோம், எல்லாம் சுவரும் படிக்கட்டுமா இருக்கே' என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

கிளம்பும்முன் சொன்னது நீதான். 'உலகத்திலேயே ரெண்டாவது சின்ன நாடு அப்பா. மொத்த நாட்டையும் ஒரே போட்டோவுல அடக்கிடலாம், எடுத்துட்டு வாங்க' என்றாய். நீ விளையாட்டாகச் சொல்லியிருப்பாய். 35 வருஷம் ஸ்டுடியோ நடத்தினவனிடம் அப்படிச் சொன்னால் அது ஆர்டர். ரசீது போடவில்லை, அவ்வளவுதான்.

அந்த நாட்டின் பரப்பு 2 சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நம் ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர் என்பார்கள். அதுபோல மூன்று கோயிலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓரத்தில் சிறிது இடம் மிஞ்சும். அதற்குள் 38,000 பேருக்கு மேல் குடியிருக்கிறார்கள். சின்னதாக இருந்தால் எடுப்பது சுலபம் என்று நீ நினைக்கிறாய். போட்டோ எடுக்கிறவனுக்கு முதலில் வேண்டியது பின்னால் நகர இடம். நம் ஸ்டுடியோவில் பெரிய குடும்பம் குரூப் போட்டோவுக்கு வந்தால் நான் என்ன செய்வேன்? கதவைத் திறந்துகொண்டு தெருவில் போய் நின்று எடுப்பேன். சைக்கிள்காரர்கள் திட்டிக்கொண்டே போவார்கள். மொனாக்கோவிலும் கடைசியில் அதையேதான் செய்தேன்.

முதல் நாள் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாக இருக்கிறது. டூர் பஸ் சாயங்காலம் கொண்டுபோய் இறக்கியது. 'தொண்ணூறு நிமிஷம், அதுக்குள்ள திரும்பிடணும்' என்று தலை எண்ணி அனுப்பினார்கள். கசினோ சதுக்கத்துக்கு நடந்து சேர்ந்தால் ஊரில் வெயிலே இல்லை. ஜூன் மாதம், வானம் பளீரென்று இருக்கிறது, எதிரே கடலில் வெயில் அடிக்கிறது, ஊர் மட்டும் நிழலில். ஏனென்றால் மேற்கே செங்குத்தாக மலை. சூரியன் அடிவானத்துக்குப் போவதற்கு வெகுமுன்பே இவர்களுக்கு மலையில் மறைந்துவிடுகிறது. போதாக்குறைக்கு அதற்கு முந்தின நாள் ஓட்டல் அறைக்குள் அம்மாவை எடுப்பதற்காக ஐஎஸ்ஓவை, வெளிச்சம் குறைந்த இடத்தில் ஏற்றிவைப்போமே அதை, 3200-இல் வைத்தேன், திருப்பவில்லை. அத்தனை படமும் ரவை தூவின மாதிரி. ஊரெல்லாம் பையன்களுக்கு கேமரா சொல்லிக் கொடுத்தவன் நான். அந்தப் படங்களைத்தான் உனக்கு அனுப்பவில்லை.

மறுநாள் டூரில் 'ஓய்வு நாள்'. மற்றவர்கள் பிரான்ஸின் நீஸ் நகரில் கடைக்குப் போனார்கள். நானும் அம்மாவும் காலை ரயிலைப் பிடித்தோம். நீஸிலிருந்து அரை மணிகூட ஆகாது. கடலோரமாகவே போகிறது, ஒரு சுரங்கம், ஒரு நீல விரிகுடா, மறுபடி சுரங்கம். உட்கார இடமில்லை. மொனாக்கோவில் குடியிருக்கிறவர்களைவிட தினமும் வேலைக்கு வந்து போகிறவர்கள் அதிகம். சமையல்காரர், தச்சர், கணக்கு எழுதுகிறவர், துப்புரவு வேலை செய்கிறவர் எல்லோரும் பிரான்ஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வருகிறார்கள். எதிரே நின்ற ஒரு பெயின்டர் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கைவிரல் இடுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணம். எடுக்கத் துடித்தது. தூங்குகிறவரிடம் எப்படி அனுமதி கேட்பது? கையை மட்டும் எடுத்தேன். நீ 'இது என்ன கை?' என்று கேட்டாயே, அதுதான்.

ஸ்டேஷன் மலையைக் குடைந்து உள்ளே இருக்கிறது. 1999-இல் ரயில் பாதையையே பூமிக்கு அடியில் தள்ளி, மேலே மிஞ்சிய இடத்தைக் கட்டடத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். இடம் அங்கே அவ்வளவு அருமை. கடலைத் தூர்த்தே ஒரு பேட்டை முழுக்க உண்டாக்கியிருக்கிறார்கள், ஃபோன்ட்வியே என்று பெயர். மலைச்சரிவில் ஊர் இருப்பதால் தெருவுக்குத் தெரு பொது லிஃப்ட், காசு கிடையாது. அம்மாவுக்கு அந்த நாட்டில் மிகவும் பிடித்தது அதுதான். அரண்மனையைப் பற்றி இதுவரை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, லிஃப்ட்டைப் பற்றித் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

கார் ஏன் இல்லை என்றால், கேள். நாங்கள் போனபோது கார் பந்தயம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. 1929-இலிருந்து அந்தத் தெருக்களிலேயே ஓட்டுகிறார்கள், ஒரு சுற்று 3.337 கிலோமீட்டர், மொத்தம் 78 சுற்று. துறைமுகத்து ஓரத்தில் பார்வையாளர் அமர்ந்த இரும்புச் சாரங்களைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தேர் நிலைக்கு வந்த மறுநாள் கீழவாசல் எப்படி இருக்கும், அப்படி. அதைத்தான் எடுத்தேன். பந்தயத்திலேயே மிக மெதுவாகத் திரும்ப வேண்டிய ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு. அதில் ஒரு ரொட்டிக் கடை வண்டி பதற்றமே இல்லாமல் திரும்பியது. அந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது, மறுபடி பார்.

கசினோ வாசலில் விலையுயர்ந்த கார்கள் வரிசையாக நின்றன, இல்லாமல் இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது எதிரே காத்திருந்த பையன்கள். பதினைந்து, பதினாறு வயது. கழுத்தில் என் கேமராவைவிடப் பெரிய கேமரா. கார் வளைவில் திரும்பும் முன்பே சத்தத்தை வைத்தே இன்ன கார் என்று சொல்லிவிட்டு ஓடுகிறான் ஒருவன். அவனைத்தான் எடுத்தேன், கார் பாதி வெட்டுப்பட்டுவிட்டது. பரவாயில்லை.

அந்தச் சதுக்கத்து நீரூற்றில் அனீஷ் கபூர் செய்த பெரிய கண்ணாடி ஒன்று நிற்கிறது, மும்பையில் பிறந்த சிற்பி. வானத்தையும் கசினோவையும் வளைத்து உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. எடுத்த பிறகு பெரிதாக்கிப் பார்த்தால் ஓரத்தில் தொப்பியும் கேமராவுமாக ஒரு கிழவன். நம் வீட்டு ஆல்பம் எதிலும் நான் கிடையாதே என்று சண்டை போடுவாயே, இதோ இருக்கிறேன். பக்கத்து ஓட்டல் முன்கூடத்தில் குதிரை மேல் ஒரு ராஜா சிலை. சூதாடப் போகிறவர்கள் அதிர்ஷ்டத்துக்காகத் தடவித் தடவி குதிரையின் முன்னங்கால் முட்டி மட்டும் தங்கமாக மின்னுகிறது. அம்மா பார்த்துவிட்டு, 'நம்ம ஊர் மாதிரிதான்' என்றாள். தானும் ஒரு தடவு தடவினாள். சீட்டாடத் தெரியாதவள்.

பாறை மேல் இருக்கிற பழைய ஊரைப் பற்றி உனக்கு உபயோகமாகும்படி ஒன்று சொல்கிறேன், நீ போனால் ஞாபகம் வைத்துக்கொள். அரண்மனைத் திடலில் இரண்டு பக்கம் கைப்பிடிச் சுவர். தென்மேற்குச் சுவரிலிருந்து ஃபோன்ட்வியே, அதைக் காலையில் எடு, வெயில் உன் முதுகுப் பக்கம். மறுபக்கச் சுவரிலிருந்து பெரிய துறைமுகமும் கசினோ இருக்கிற மான்டே கார்லோ பேட்டையும், அதை மதியத்துக்கு மேல் எடு. எல்லோரும் காலையில் அந்தப் பக்கம் நின்று எதிர்வெயிலில் எடுத்துவிட்டு வெளிறிப்போச்சு என்கிறார்கள். படகுகள் எல்லாம் வெள்ளை, வெயிலில் வெளிறிப்போகாமல் இருக்க வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறைத்து வை. நம் ஊர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டிக்குக் குறைப்போமே, அதே கணக்கு. சரியாக 11:55-க்குக் காவலர் மாறுகிறார்கள், கோடையில் அவர்களுக்கும் வெள்ளை உடுப்பு, உச்சிவெயில், தொப்பி நிழலில் முகம் கறுப்பு. எனக்கு ஒன்றும் தேறவில்லை.

அரண்மனைக்கு அருகே ஒரு சிலை. துறவி அங்கி, உள்ளே வாள். 1297-இல் பிரான்சிஸ்கோ கிரிமால்டி என்பவன் சாமியார் வேஷத்தில் வந்து கதவைத் திறக்க வைத்துக் கோட்டையைப் பிடித்தானாம். நடுவில் சில முறை கைநழுவினாலும் இன்றைக்கும் அந்த வம்சப் பெயர்தான் ஆள்கிறது. அரச முத்திரையிலேயே வாளேந்திய இரண்டு துறவிகள், மறைக்கவே இல்லை. 'வேஷம் போட்டதை வாசல்ல எழுதி வச்சிருக்கானே' என்றாள் அம்மா. பக்கத்தில் தேவாலயம். 1956-இல் நடிகை கிரேஸ் கெல்லி இளவரசர் மூன்றாம் ரெய்னியரைக் கல்யாணம் செய்துகொண்டது அங்கேதான், 1982-இல் கார் விபத்துக்குப் பின் புதைக்கப்பட்டதும் அங்கேதான். தரையில் ஒரு பலகைக் கல், லத்தீனில் பெயர், அவ்வளவுதான். அங்கே கேமராவை மூடிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் நின்றாள்.

மதியச் சாப்பாடு கீழே சந்தையில். பார்பஜுவான் என்று கீரையும் பாலாடைக் கட்டியும் வைத்துப் பொரித்தது. 'கீரை சோமாஸ்' என்று அம்மா பெயர் வைத்தாள். கையோடு கொண்டுபோன புளியோதரையும் இருந்தது, பயப்படாதே.

சரி, உன் ஆர்டருக்கு வருகிறேன்.

நாள் முழுக்க அலைந்தும் நாடு முழுசாக எங்கிருந்தும் கிடைக்கவில்லை. துறைமுகம் வந்தால் பாறை வராது, பாறை வந்தால் கிழக்கே கடற்கரை வராது. வைட் லென்ஸ் போட்டால் கட்டடமெல்லாம் குடிகாரன் மாதிரி சாய்கிறது. அப்புறம்தான் ஸ்டுடியோ கதவு ஞாபகம் வந்தது. தெருவில் இறங்கி நிற்க வேண்டும். அங்கே தெரு என்பது பிரான்ஸ்.

மேலே லா டுர்பி என்று ஒரு மலை ஊர். பஸ் வளைந்து வளைந்து ஏறியது, எல்லையில் யாரும் எதுவும் கேட்கவில்லை, எல்லை எது என்றே தெரியவில்லை. ஊர் நடுவே ரோமப் பேரரசன் அகஸ்டஸின் வெற்றிச் சின்னம், 2,000 வருஷத்துக்கு மேல் பழசு, பாதி இடிந்து நிற்கிறது. அங்கிருந்து தார் ரோட்டில் மெதுவாக நடந்தால் 'நாய்த் தலை' என்று அவர்கள் பெயர் வைத்த பாறை முனை, கடலிலிருந்து சுமார் 550 மீட்டர் உயரம். அம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம், 'கடைசி பஸ் எப்போ?' என்று மட்டும் கேட்டாள்.

எட்டிப் பார்த்தேன். கீழே நாடு கிடந்தது. முழுசாக. பாறை, துறைமுகம், கசினோ, 170 மீட்டர் உயர ஓடியோன் கோபுரம், கிழக்கே கடற்கரை எல்லாம் லென்ஸுக்குள் அடங்கி இரண்டு பக்கமும் மிச்சம் இருந்தது. ஆனால் படத்தை எங்கே வெட்டுவது என்று புரியவில்லை. பிரான்ஸ் வீடுகளும் மொனாக்கோ வீடுகளும் ஒட்டிக்கொண்டே மலை ஏறுகின்றன, நடுவில் ஒரு கோடு கிடையாது. 'எது அவங்க வீடு, எது பக்கத்து வீடு?' என்றாள் அம்மா. எனக்கும் தெரியவில்லை. படத்தின் கிழக்கு ஓரத்தில் நீளமாகக் கடலுக்குள் போகிறதே ஒரு மரம் அடர்ந்த முனை, அது ரோக்புரூன். அதுவும் அதற்கு அப்பால் மென்டனும் ஒரு காலத்தில் மொனாக்கோவுடையவை. 1861-இல் பிரான்ஸுக்கு விட்டுக்கொடுத்தார்கள், நாட்டில் இருபதில் பத்தொன்பது பங்கு போனது. எலுமிச்சையும் ஆலிவும் விளைந்த நிலம் அது. அது போன பிறகு பிழைக்க வழி இல்லாமல்தான் 1863-இல் வெறும் பாறைமேட்டில் கசினோவைத் திறந்தார்கள். ஆறே வருஷத்தில் குடிமக்களுக்கு வருமான வரியை எடுத்துவிடும் அளவுக்குப் பணம் வந்தது. அந்தக் குடிமக்கள் மட்டும் அங்கே சூதாடக் கூடாது. கெட்டிக்காரர்கள். அதனால் நான் கிழக்கு ஓரத்தை வெட்டவில்லை. இழந்ததும் படத்தில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஏழு மணிக்கு மேல் நாங்கள் நின்ற மலையின் நிழல் கீழே ஊர்ந்து இறங்கியது. முதலில் ஃபோன்ட்வியே அணைந்தது, பிறகு அரண்மனைப் பாறை, பிறகு படகுகள். இடம் மாறாமல் கேமராவைக் கைக்குட்டை மேல் சுவரில் வைத்து ஒன்பது படம் எடுத்தேன். முந்தின நாள் எந்த நிழலில் நின்று எரிச்சல்பட்டேனோ அது இப்போது எங்கிருந்து விழுகிறது என்று பார்த்தேன். விளக்கேற்றும் நேரம் வரை இருந்திருந்தால் இன்னும் ஒரு படம் கிடைத்திருக்கும். பஸ் போய்விடும் என்று அம்மா பையைத் தோளில் மாட்டிவிட்டாள். அந்தப் படம் இல்லை.

ஒன்பதையும் தனியாக அனுப்புகிறேன், எது உனக்கு வேண்டும் என்று பார்த்துச் சொல். எனக்கு ஐந்தாவது. பாதி நாடு வெயிலில், பாதி நிழலில். கீழே வலது மூலையில் அம்மாவின் முந்தானை பறந்து உள்ளே வந்திருக்கிறது. அழித்துவிடலாம், ஆனால் வேண்டாம் என்று நினைக்கிறேன். 12-க்கு 18-இல் பிரிண்ட் போட்டு மாமா பையன் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். மெல்போர்னில் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க விடுவார்களா என்று மட்டும் கேட்டு எழுது. விடமாட்டார்கள் என்றால் பின்னால் ஸ்டாண்ட் வைத்த சட்டமாகச் செய்யச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா