சிட்டுவின் புண்

அன்புள்ள தோழி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்து நிம்மதியானேன். அதற்காகத் துணி காயப்போடுகிற சாக்கில் ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறாதே. பதில் தாமதமானதற்கு எங்கள் பொமரேனியன் நாய் சிட்டுதான் காரணம்.

ஐப்பசி மழையில் அதன் முடி ஒரு வாரமாகக் காயவே இல்லை. இடுப்புப் பக்கத்தை ஓயாமல் கடித்துக்கொண்டிருந்தது. விலக்கிப் பார்த்தால் ஐந்து ரூபாய் நாணய அளவுக்குச் சிவந்து நீர் வடிகிற புண். முந்தின நாள் அங்கே ஒன்றுமே இல்லை!

இவர் உடனே தன் படர்தாமரைக்கு வாங்கின களிம்பை எடுத்து வந்துவிட்டார். நம் வீடுகளில் எந்தப் புண்ணுக்கும் அந்த ட்யூப்தானே. பூசப்போகும்போதுதான் எனக்குச் சுரீரென்றது. ஐந்து வாரம் முன்னால், சிட்டு பருவத்தில் இருந்தபோது, கேட் திறந்துகிடந்த நேரத்தில் தெருமுனைக் கறுப்பனோடு போய்விட்டுத் திரும்பி வந்தது. காம்புகள் வேறு இப்போது தடித்திருந்தன. அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

கால்நடை டாக்டர் ட்யூபைத் திருப்பிப் பார்த்தார். அதில் ஸ்டீராய்டு இருக்கிறதாம். தோல் வழியாகவும் உள்ளே போகும், நக்கினால் வயிற்றுக்கும் போகும், கருவையே கலைத்துவிடக்கூடும் என்றார். காம்பு தடிப்பதை வைத்தும் எதுவும் சொல்ல முடியாது, சினை இல்லாமலே சினை மாதிரி உடம்பு மாறுகிற பொய்ச்சினையிலும் அப்படித்தான் இருக்கும். "தெரிகிற வரைக்கும் சினை என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். ஆன்டிபயாடிக்கையும் அப்படியே பார்த்துத் தேர்ந்தெடுத்தார். டாக்ஸிசைக்ளின் போன்றவை குட்டிகளின் பல்லையும் எலும்பையும் பாதிக்குமாம்.

வைத்தியம் என்னவோ எளிமைதான். புண்ணைச் சுற்றி முடியை வெட்டி, காற்றுப்பட விட வேண்டும். கொதித்து ஆறின அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை ஒற்றித் துடைக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்கா மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்தார். வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன், அவரிடம் சொல்லிவிடாதே. புண்ணை ஆரம்பித்துவைத்தது ஓர் உண்ணியாம். உண்ணி மருந்தையும் இப்போது இஷ்டத்துக்கு ஊற்றக்கூடாது என்பதால் ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கிறேன். நக்காமலிருக்கக் கழுத்தில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு. குழாய் ரேடியோ மாட்டின மாதிரி எல்லா வாசற்படியிலும் இடித்துக்கொண்டு நடக்கிறது, பாவம். நாலாம் நாளே புண் காய்ந்து பக்கு கட்டிவிட்டது.

ஸ்கேனும் எடுத்தோம். சினைதான்! இரண்டு இதயத் துடிப்பு தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஸ்கேனில் எண்ணிக்கை துல்லியமாக வராதாம். சினைப்பட்டு 55 நாள் வாக்கில் எக்ஸ்ரே எடுத்தால் குட்டிகளின் எலும்பை எண்ணிவிடலாம் என்கிறார். பிரசவத்துக்கு 63 நாள் கணக்கு. இப்போது புண்ணை மறந்து வேறு கவலையில் இருக்கிறேன். சிட்டு நாலு கிலோகூட இல்லை, கறுப்பனோ கன்றுக்குட்டி மாதிரி இருக்கிறான். குட்டிகள் குறைவாக இருந்தால் ஒவ்வொன்றும் பெரிதாக வளர்ந்து பிரசவம் சிக்கலாகலாம். அதனால் ராத்திரியிலும் திறந்திருக்கிற ஆஸ்பத்திரி எது என்று இவர் விசாரித்து வைத்திருக்கிறார்.

சரி, ஒரு விஷயம் கேட்க வேண்டும். உங்கள் அம்மா வீட்டில் ராணி குட்டி போட்டபோது நெல் குதிருக்குப் பின்னால் நாம் விரித்தது சணல் சாக்கா, பழைய புடவையா? ஞாபகம் இருந்தால் சீக்கிரம் எழுது.

உன்,
பழைய பெஞ்சுத் தோழி