வேறு ஊரில் அடங்கியவர்களுக்கு

எஸ்பூ, பின்லாந்து
டிசம்பர் 26

அன்புள்ள அம்மாவுக்கு,

தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் உன் முகத்தைப் பார்த்ததும் "நல்லா இருக்கேம்மா" என்பதுதான் வாயில் வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன். பயப்படாதே, இப்போது நிஜமாகவே பரவாயில்லை.

இந்த மாதம் இங்கே சூரியன் காலை ஒன்பதேகாலுக்கு மேல்தான் எட்டிப்பார்க்கும். மதியம் மூன்றேகாலுக்குள் போய்விடும். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. அப்பாவுக்குப் பதினாறாம் நாள் முடித்துவிட்டு வந்ததும் வேலையில் விழுந்துவிட்டேன், ஒன்றும் தெரியவில்லை. தெருவெல்லாம் கிறிஸ்துமஸ் விளக்கு போட்டார்கள் பார், அப்போதுதான் துக்கம் வந்து பிடித்துக்கொண்டது. ராத்திரி தூக்கம் வராது, காலையில் எழுந்திருக்கப் பிடிக்காது.

ஆபீசில் 'பிக்குயோலு' வைத்தார்கள். குட்டி கிறிஸ்துமஸ் என்று அர்த்தம். க்ளோகி என்று ஒரு சூடான பானம் தந்தார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய், அடியில் திராட்சையும் பாதாமும். மூக்கில் ஏறியது அப்படியே நம் வீட்டுப் பாயச வாசனை. ஒரு வாய் குடித்தேன், கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நம்மூரென்றால் "இந்த வருசம் எங்களுக்குப் பண்டிகை இல்ல" என்று ஒரு வார்த்தை போதும். யாரும் கூப்பிட மாட்டார்கள், பலகாரம் மட்டும் தூக்குச்சட்டியில் வந்து சேரும். அந்த வழக்கத்தை எவ்வளவு கிண்டல் செய்திருப்பேன்! சிரித்த முகமாக இருந்தே தீரவேண்டும் என்பதிலிருந்து ஒரு வருசம் லீவு, அவ்வளவுதான் அது. இங்கே அந்த லீவை நானே கேட்டு வாங்க வேண்டியிருந்தது. மேலாளரிடம் சொன்னேன். "சரி" என்றார், அதற்கு மேல் துருவவில்லை. ஆபீஸ் நர்சைப் பார்க்கச் சொன்னார்.

நர்ஸ் ஒரு விளக்கு வாங்கச் சொன்னார். 10,000 லக்ஸ் வெளிச்சம், பார்க்க வெள்ளைச் சிலேட்டு மாதிரி இருக்கும். காலையில் எழுந்ததும் அரை மணி நேரம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிறேன். மதியம் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை, அப்புறம் வைட்டமின் டி மாத்திரை. அழுகை வந்தால் அடக்காதே என்றும் சொன்னார். "அழணும்னா அழுதிருலே" என்று நீ காசு வாங்காமல் சொன்னதுதான்.

24ஆம் தேதி மதியம் பன்னிரண்டு மணிக்கு துர்க்கு நகரத்தில் 'கிறிஸ்துமஸ் அமைதி' என்று ஓர் அறிவிப்பைப் படிப்பார்கள், டிவியில் நாடே பார்க்கும். அப்புறம் ஊர் அடங்கிவிடும். நான் ரசம் வைத்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பாட்டி கதவைத் தட்டி, "கல்லறைக்குப் போகிறேன், வருகிறாயா?" என்றார். பண்டிகையும் அதுவுமாய் இதென்ன கூத்து என்றுதான் முதலில் தோன்றியது.

அம்மா, நீ பார்த்திருக்க வேண்டும். பனிக்கு நடுவே கல்லறைக்குக் கல்லறை மெழுகுவத்தி, கண்ணுக்கு எட்டிய மட்டும். குழந்தைகளைச் சறுக்குவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு வருகிறார்கள். யாரும் சத்தம் போடவில்லை. ஒரு பக்கமாகத் தனியே ஒரு கல், அதைச் சுற்றி நூற்றுக்கணக்கில் விளக்குகள். வேறு ஊரில் அடங்கியவர்களை நினைத்து ஏற்றுகிற இடமாம். பாட்டி தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அப்பா எங்கேயும் அடங்கவில்லையே, பாபநாசத்தில் தாமிரபரணியோடு போனவராயிற்றே, இங்கே ஏற்றலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கையுறையோடு தீக்குச்சி உரசவே வரவில்லை. கழற்றினால் விரல் விறைத்துவிட்டது. மூன்றாவது குச்சியில்தான் பிடித்தது. கார்த்திகைக்கு வாசலில் காற்றடித்தால் அப்பா உள்ளங்கையைக் குவித்து அகலுக்கு மறைப்பு கொடுப்பாரே, கை தானாக அப்படித்தான் போனது. அழுதேன். பாட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

நேற்று மத்தியான நடைக்கு அந்தப் பக்கமே போனேன். ராத்திரி நல்ல பனி. ஆனால் என் விளக்கைச் சுற்றி மட்டும் கிண்ணம் மாதிரி உருகிப் பள்ளம் விழுந்திருந்தது. உள்ளே எரிந்துகொண்டுதான் இருந்தது.

பக்கத்து வீட்டிலிருந்து பொங்கலுக்குக் கரும்பு வந்தால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பாதே. மாசத் திதிக்குத் தம்பி பாபநாசம் போனால் படித்துறையோடு நிற்கச் சொல். இந்த மாதம் ஆற்றில் தண்ணீர் இழுக்கும்.

அன்புடன்,
உன் மூத்தவன்