ஆன்கோட்ஸ் தொழிலாளர்களின் வரலாற்றுக்கு ஓர் அறை கேட்டு மனு

அனுப்புநர்:
மான்செஸ்டரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வசிக்கும் தமிழ்க் குடும்பங்கள்

பெறுநர்:
தலைமைச் செயல் அதிகாரி அவர்கள்,
மான்செஸ்டர் மாநகராட்சி,
டவுன் ஹால் எக்ஸ்டென்ஷன், ஆல்பர்ட் சதுக்கம், மான்செஸ்டர்

பொருள்: ஆன்கோட்ஸ் பஞ்சாலை வட்டாரத்தில் வாழ்ந்து உழைத்தவர்களின் வரலாற்றுக்கு அதே வட்டாரத்தில் நிரந்தர இடம் ஒதுக்குவதும், அங்கே வளர்ந்த முதியவர்களின் நினைவுகளைப் பதிவு செய்வதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

எங்கள் கோரிக்கைகள் இரண்டு. ஆன்கோட்ஸில் வேலை பார்த்த, குடியிருந்த மக்களின் கதையைச் சொல்வதற்கென்று அந்த வட்டாரத்துக்குள்ளேயே ஓர் அறையை மாநகராட்சி ஒதுக்க வேண்டும். அது கட்டணமில்லாமல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். அடுத்தது, அங்கே பிறந்து வளர்ந்து இப்போது வேறு இடங்களில் வாழும் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்யும் வேலை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். இனி வருவதெல்லாம் இவை ஏன் தேவை என்பதற்கான விளக்கம். ஆங்கில மனுவையும் இத்துடன் வைத்திருக்கிறோம். தமிழில் எழுதியது, எங்கள் வீட்டுப் பெரியவர்களும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதற்காக.

எங்களில் பலருக்குக் கோயம்புத்தூர், திருப்பூர், மதுரை, ராஜபாளையம் பக்கம் சொந்த ஊர். அப்பாவோ தாத்தாவோ மில்லுக்குப் போன வீடுகள். ப்ளோ ரூம், கார்டிங், ஸ்பின்னிங், மூன்றாவது ஷிப்டு என்பதெல்லாம் சாப்பிடும்போது காதில் விழுந்த பேச்சு. கோயம்புத்தூரை நீண்ட காலமாகத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்கிறார்கள். அங்கே முதல் நூற்பாலை 1888-இல் வந்தது. அந்தக் காலத்து இந்திய ஆலைகளுக்கு இயந்திரங்கள் பெரும்பாலும் லங்காஷரிலிருந்துதான் கப்பலேறின. உங்கள் பக்கத்து ஊரான ஓல்டமின் பிளாட் பிரதர்ஸ் பெயர் எங்கள் ஊர்ப் பழைய மில்காரர்களுக்குப் புதிதல்ல. வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன அக்கறை என்று யாராவது கேட்கக்கூடும். ஆன்கோட்ஸில் யார்தான் வெளியூர்க்காரர் இல்லை?

ஆலைகளைக் கட்டியவர்களே ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான். ஆடம் மரே, ஜார்ஜ் மரே என்ற அண்ணன் தம்பியும், ஜேம்ஸ் மெக்கானல், ஜான் கென்னடி என்ற கூட்டாளிகளும் முதலில் இயந்திரம் செய்து விற்றார்கள், அப்புறம் தாங்களே நூற்கத் தொடங்கினார்கள். மரே சகோதரர்களின் பழைய ஆலை 1798-இல் எழுந்தது. ரோச்டேல் கால்வாய் முழுதாகத் திறந்தது 1804-இல். அதற்கு முன்பே அதன் கரையில் இடம் பிடித்துவிட்டார்கள். அதுவரை நூற்பாலை என்றால் ஆறு ஓடும் பள்ளத்தாக்கைத் தேடிப் போக வேண்டும். நீராவி எஞ்சின் வந்ததும் அந்தக் கட்டாயம் போனது. நிலக்கரி படகில் வந்தால் போதும், ஊருக்குள்ளேயே ஆலைக்குப் பக்கத்தில் ஆலை கட்டலாம். மரே ஆலைகளின் நடுமுற்றத்தில் தனிப் படகுத்துறையே இருந்தது. கால்வாயிலிருந்து தெருவுக்கு அடியில் வெட்டிய சுரங்கம் வழியாகப் படகு நேராக உள்ளே போய்விடும். 1810-களின் நடுவில் மரே ஆலைகளிலும் மெக்கானல்–கென்னடி ஆலைகளிலும் தலா ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை பார்த்தார்கள். ஒரே கூரையின் கீழ் அத்தனை பேர் வேலை செய்வதை உலகம் அதற்கு முன் அதிகம் பார்த்ததில்லை. 1826-இல் பிரஷ்யக் கட்டடக் கலைஞர் ஷின்கெல் இங்கே வந்து இந்த ஆலைகளைத் தம் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு போனார். ஆறு ஏழு மாடி உயர ஆலைகளுக்குக் கீழே குனிந்து கிடந்த குடிசை வீடுகளை ஜெர்மன் சிந்தனையாளர் எங்கெல்ஸ் 1845-இல் எழுதி வைத்தார்.

இவ்வளவும் எளிதாகக் கிடைக்கிற தகவல்தான். கட்டடங்கள் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இருக்கின்றன. 1989-இலேயே வட்டாரம் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதற்கு நாங்கள் நன்றி சொல்லியாக வேண்டும். அந்த முடிவு இல்லாவிட்டால் இன்று பார்ப்பதற்குச் சுவர்கூட மிஞ்சியிருக்காது. ஆனால் சுவர் முதலாளியின் பெயரைத்தான் சொல்கிறது. மரேயின் பெயரில் தெரு இருக்கிறது. மரேயின் ஆலையில் மியூல் என்ற நூற்பு இயந்திரத்தை ஓட்டியவரின் பெயர் எங்கே?

மியூல் வேலையைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆன்கோட்ஸ் மெல்லிய நூலுக்குப் பேர்போன இடம். மெல்லிய இழை காய்ந்த குளிர்காற்றில் அறுந்துவிடும். அதனால் ஜன்னல்களைச் சாத்தி, அறையைச் சூடாகவும் ஈரப்பதமாகவும் வைத்திருப்பார்கள். நூற்பவர் ஒருவர் எதிரெதிராக நிற்கும் இரண்டு இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வார். அறுந்த இழையை ஓடி ஓடி ஒட்டுவது சிறுவர்களின் வேலை. அவர்களுக்குக் கூலி தருவதும் பெரும்பாலும் அந்த நூற்பவரின் பாடுதான். இன்னும் சின்னப் பிள்ளைகள் ஓடுகிற இயந்திரத்தின் அடியில் ஊர்ந்து பஞ்சுத் தூசியைக் கூட்டி எடுப்பார்கள். எண்ணெய் ஊறிய மரத்தரையில் வெறுங்கால். அந்த எண்ணெய் பின்னாளில் நூற்பவர்களுக்குப் புற்றுநோயைத் தந்தது என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட விஷயம். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் அறையில் பெண்கள் அதிகம். அங்கே தூசி நுரையீரலைப் பிடித்தது. திங்கள்கிழமை வேலைக்குத் திரும்பியதும் நெஞ்சை அடைக்கும் அந்த இருமலை எங்கள் வீட்டுத் தாத்தாக்களிடமும் பார்த்திருக்கிறோம். ஆலைகள் இருந்த வட்டாரத்திலேயே பின்னாளில் வந்த குடியிருப்புக்குக் கார்ட்ரூம் எஸ்டேட் என்று பெயர் வைத்தார்கள். அதையும் இடித்துவிட்டு இப்போது நியூ இஸ்லிங்டன் என்கிறார்கள்.

பஞ்சு எங்கிருந்து வந்தது என்பதும் அந்த அறையில் மறைக்காமல் சொல்லப்பட வேண்டும். மெல்லிய நூலுக்கு நீண்ட இழை கொண்ட ஸீ ஐலண்ட் பஞ்சு தேவைப்பட்டது. அது அமெரிக்காவின் ஜார்ஜியா, தென் கரோலினா கடலோரங்களில் அடிமைகள் விளைவித்த பஞ்சு. முன்பு வங்காளத்திலிருந்து கப்பலில் வந்த மஸ்லினை இங்கேயே நெய்ய வழி செய்ததும் இந்த மியூல் நூல்தான். பிறகு லங்காஷர் நூல் இந்தியச் சந்தைக்கே போய், கை ராட்டையில் நூற்றுப் பிழைத்த பெண்களின் வருமானத்தை அடித்தது. ஆன்கோட்ஸில் ஒரு பெங்கால் தெரு உண்டு. அங்கே வசிப்பவர்களில் எத்தனை பேருக்கு இந்தத் தொடர்பு தெரியும் என்பது எங்களுக்குச் சந்தேகம்தான்.

அதே தொழிலாளர்கள் சும்மா தலைகுனிந்து இருந்துவிடவில்லை. 1818-இல் மான்செஸ்டர் நூற்புத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 16-இல் பீட்டர்லூ: வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள் மீது குதிரைப்படை பாய்ந்த நாள். அன்று மாலை ஆன்கோட்ஸின் விளிம்பிலுள்ள நியூ கிராஸில் கூடியவர்கள் மீதும் படை துப்பாக்கியால் சுட்டது. அயர்லாந்திலிருந்து வந்து மான்செஸ்டர் நூற்பவர்களுக்குத் தலைவரான ஜான் டோஹர்ட்டி சிறைக்கும் போய்விட்டு வந்து, 1829-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து நூற்பவர்களை ஒரே சங்கமாக்க முயன்றார். பத்து மணி நேர வேலைச் சட்டம் 1847-இல் வந்ததற்குப் பின்னால் அவரைப் போன்றவர்களின் பல வருட உழைப்பு இருக்கிறது. பிரேஸனோஸ் தெரு பக்கம் ஆபிரகாம் லிங்கனுக்குச் சிலை இருக்கிறது. அடிமை முறைக்கு எதிராக 1862 டிசம்பர் 31-இல் மான்செஸ்டர் தொழிலாளர்கள் அனுப்பிய ஆதரவுக் கடிதத்துக்கு அவர் நன்றி எழுதியதை அது நினைவூட்டுகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வராமல் ஆலைகள் நின்று பட்டினி கிடந்த காலத்தில் எழுதிய கடிதம் அது. அவர்கள் எந்தத் தெருக்களில் எப்படி வாழ்ந்தார்கள் என்று காட்டவும் ஓர் இடம் வேண்டாமா?

குடியிருப்பு விஷயத்தில் உங்கள் மாநகராட்சி பெருமைப்படவே காரணம் இருக்கிறது. 1889-இல் டாக்டர் ஜான் த்ரெஷ், ஆன்கோட்ஸில் சாவு எண்ணிக்கை ஏன் இவ்வளவு அதிகம் என்று ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். ஒன்றின் முதுகில் ஒன்று ஒட்டிய காற்றில்லாத வீடுகளே காரணம் என்பது தெளிவானது. அதன் பிறகுதான் 1894-இல் விக்டோரியா ஸ்கொயர் கட்டி முடிந்தது: ஐந்து மாடி, நடுவில் முற்றம், மான்செஸ்டரின் முதல் மாநகராட்சி வீடுகள். பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டியும் கழிப்பறையும் வைத்துக் கட்டிய வரிசை வீடுகளுக்கு சானிட்டரி தெரு என்று பெருமையாகப் பெயர் வைத்தார்கள். 1960-களில் அந்தப் பெயர் குடியிருந்தவர்களுக்குச் சங்கடமாகி, சில எழுத்துகளை நீக்கி அனிட்டா தெரு ஆக்கிக்கொண்டார்கள். விக்டோரியா ஸ்கொயரில் இன்றும் முதியவர்கள் வாடகைக்கு வசிக்கிறார்கள். சுற்றிலும் விலை ஏறிய ஆன்கோட்ஸில் அது ஆறுதலான விஷயம்.

பஞ்சத்தால் வந்த ஐரிஷ்காரர்களுக்குப் பிறகு இத்தாலியர்கள் வந்தார்கள். ஐஸ்கிரீம் வண்டியும் தெரு இசைப்பெட்டியும் அவர்கள் பிழைப்பு. ஐஸ்கிரீமை வைத்துத் தின்னும் பிஸ்கட் கிண்ணம் செய்யும் கருவிக்கு 1902-இல் காப்புரிமை வாங்கிய அந்தோனியோ வல்வோனா மான்செஸ்டர்க்காரர். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் நேற்றுவரை அக்கம்பக்கத்தாராக இருந்த ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்படிப் பிடித்தவர்களைக் கனடாவுக்கு ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்டார் கப்பல் ஜூலை 2-இல் மூழ்கடிக்கப்பட்டு, நானூறுக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் இறந்தார்கள். குடியேறி வந்தவர்கள் என்ற முறையில் இந்தப் பகுதியைப் படிக்கும்போது எங்களால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை.

இனி எங்கள் இரண்டாவது கோரிக்கைக்கு வருகிறோம். 1959-இல் வந்த பருத்தித் தொழில் சட்டம் பழைய இயந்திரங்களை உடைத்துப் போட முதலாளிகளுக்கு இழப்பீடு தந்தது. ஆலைகள் நின்றன. அதே சமயத்தில் பழைய வீடுகளை இடித்து மக்களை விதின்ஷா, லாங்லி, ஹாட்டர்ஸ்லி என்று தூரத்துக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். ஆன்கோட்ஸை உள்ளிருந்து அறிந்தவர்கள் இன்று ஆன்கோட்ஸில் அதிகம் இல்லை. கட்டடத்தைக் காப்பாற்றப் பல ஆண்டுகள் பேசினோம், கட்டடம் காத்திருக்கும். கடைசி ஷிப்டு முடித்துவிட்டு வந்த பெண்ணுக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். நூலகப் பணியாளர் ஒருவரும் நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் இருந்தால் இந்த வேலை நடக்கும். எங்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவத் தயார். மில் வேலையைப் பற்றி என்ன கேட்பது என்று எங்களுக்குத் தெரியும்.

இந்த மக்கள் தங்கள் இடத்துக்காகத் தெருவில் நின்றவர்கள் என்பதையும் மறக்க வேண்டாம். 1828-இல் ஏழைகளுக்கான மருந்தகமாகத் தொடங்கிய ஆன்கோட்ஸ் மருத்துவமனையை 1980-களில் மூட முடிவானபோது மக்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடினார்கள். ஓவியர் லௌரி அதன் புறநோயாளிகள் கூடத்தை 1952-இல் வரைந்திருக்கிறார். பின்னர் அந்த 1870-களின் கட்டடத்தையே இடிக்கப் பார்த்தபோது வாசலில் ஆண்டுக்கணக்கில் காவல் இருந்தார்கள். இப்போது முகப்புச் சுவர் நிலைத்து, பின்னால் வாடகை வீடுகள் வந்துள்ளன. அந்தக் காவல் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

புதிய ஆன்கோட்ஸின் மீது எங்களுக்குக் கோபம் கிடையாது. பிளாசம் தெரு உணவகம் 2019-இல் மிச்செலின் நட்சத்திரம் வாங்கியதில் ஊருக்கே சந்தோஷம். (அங்கே போய்ச் சாப்பிடும் வசதி எங்களில் அநேகருக்கு இல்லை, அது வேறு விஷயம்.) செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயம் ஹாலே இசைக்குழுவின் ஒத்திகைக் கூடமானதும் நல்ல காரியம். உலகப் பாரம்பரியப் பட்டியலுக்காக 1999-இல் ஆன்கோட்ஸையும் சேர்த்து பிரிட்டன் முன்வைத்த உத்தேசப் பெயர், பிந்தைய பட்டியலில் இல்லை. அதை மீட்டுத் தரச் சொல்லியும் நாங்கள் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய ஆசை எங்களுக்கு இல்லை.

ஓர் அறை போதும். கிரேட் ஆன்கோட்ஸ் தெருவில் சென்ட்ரல் ரீடெயில் பார்க் இருந்த நிலத்தை மாநகராட்சி 2017-இல் வாங்கியது. அங்கே எழும் கட்டடத்தின் தரைத்தளத்தில் தெருவைப் பார்த்த மாதிரி ஓர் இடம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் ஆலைகளைப் புதுப்பித்தவர்களோடு பேசி ஒரு மூலையைப் பெற்றுத் தரலாம். உள்ளே ஓடக்கூடிய நிலையில் ஒரு மியூல் இயந்திரம், வேலை பார்த்தவர்களின் குரல், பஞ்சு வந்த பாதையைக் காட்டும் படம், தொழிற்சங்கங்களின் கதை. பலகைகள் ஆங்கிலத்தோடு இத்தாலியம், வங்காளம், உருது, தமிழ் முதலிய மொழிகளிலும் இருக்கட்டும். தமிழ் மொழிபெயர்ப்பை நாங்களே செய்து தருகிறோம், கட்டணம் வேண்டாம்.

இந்த மனுவைப் பாரம்பரியக் கட்டடங்களுக்குப் பொறுப்பான அலுவலருக்கும் நூலகத் துறைக்கும் அனுப்பி, எங்களில் நான்கைந்து பேர் நேரில் வந்து பேச ஒரு நாள் குறித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வார நாள் என்றால் மாலை ஐந்துக்கு மேல் வைத்தால் வசதி. பலருக்கு வேலை முடிந்துதான் வர முடியும்.

இப்படிக்கு,
கையெழுத்திட்டுள்ள தமிழ்க் குடும்பத்தினர்
மான்செஸ்டர்

இணைப்பு: ஆங்கில மனு, கையெழுத்துப் படிவங்கள்