சேர்க்கையைக் கையில் கொடுத்துவிட்டு ஆறு மாதம் ஊருக்குள் அனுப்புங்கள்

தமிழ்நாடு உயர்கல்வித் துறையில் முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும், துணைவேந்தர்களுக்கும், அரசுக் கல்லூரி முதல்வர்களுக்கும் வணக்கம்.

நான் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன். நாட்டு நலப்பணித் திட்டப் (என்.எஸ்.எஸ்.) பொறுப்பும் சில வருடங்கள் பார்த்திருக்கிறேன். முதலாமாண்டு வகுப்பில் முதல் நாள், இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்பேன். என் மார்க்குக்கு இதுதான் சார் கிடைத்தது, அண்ணன் சேரச் சொன்னான், ஊரிலிருந்து நேர் பஸ் இருக்கு. பெரும்பாலும் இப்படித்தான் பதில் வரும். பிள்ளைகள் மேல் தப்பில்லை. பத்தாவது, பதினொன்று, ப்ளஸ் டூ என்று மூன்று வருடம் தலை நிமிராமல் ஓடியவர்களுக்கு மே மாதம் ரிசல்ட் வருகிறது, கையோடு விண்ணப்பம், கலந்தாய்வு, ஃபீஸ், வகுப்பு. தனக்கு என்ன பிடிக்கும், தன் ஊருக்கு என்ன தேவை என்று யோசிக்க இடையில் ஒரு மூச்சுக்குக்கூட இடமில்லை.

அதனால் நேரடியாகவே கேட்கிறேன். ப்ளஸ் டூ முடித்துக் கல்லூரியில் இடம் கிடைத்த மாணவர், விருப்பப்பட்டால், ஜூலை முதல் டிசம்பர் வரை தன் ஊரிலோ பக்கத்து வட்டாரத்திலோ மக்களோடு ஒரு வேலையில் இருந்துவிட்டு ஜனவரியில் வகுப்புக்கு வர வழி செய்யுங்கள். அதுவரை அவருடைய இடம் அவருக்காக அப்படியே இருக்க வேண்டும்.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்ல முடியாது. ஜூலை-ஆகஸ்ட், ஜனவரி-பிப்ரவரி என வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை நடத்தலாம் என்று 2024 ஜூனிலேயே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்துவிட்டது. கட்டாயமில்லை, விரும்பும் நிறுவனங்கள் செய்யலாம், அவ்வளவுதான். கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிற துறைகளில் ஜனவரிக்கு இன்னொரு வகுப்பை யார் எடுப்பது என்ற கேள்வி எனக்கும் இருக்கிறது. எல்லாக் கல்லூரியிலும் உடனே ஆரம்பிக்க வேண்டாம், மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி, அதில் ஒரு துறை போதும். ஆனால் அந்தத் துறைக்குத் தேவையான ஆசிரியரைக் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

என்.எஸ்.எஸ். தான் இருக்கிறதே என்பீர்கள். 1969-லிருந்து இருக்கிறது, நல்ல திட்டம், அதில் வளர்ந்த மாணவர்களை நான் அறிவேன். ஆனால் இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம் என்ற அளவுக்குள் என்ன செய்ய முடியும்? முகாமில் முதல் நாள் தொடக்க விழா, கடைசி நாள் நிறைவு விழா, நடுவில் பள்ளிச் சுவருக்கு வெள்ளையடித்து, கன்று நட்டு, ஒரு பேரணி. எந்தத் தெருவில் தண்ணீர் வருவதில்லை, யார் வீட்டில் ஆள் படுக்கையில் கிடக்கிறார் என்று தெரிய ஆரம்பிக்கும்போது திரும்பிப் போக பஸ் வந்துவிடும்.

ஆறு மாதம் என்றால் கதையே வேறு. ஜூலை-டிசம்பர் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று மூன்று கிராம சபைக் கூட்டங்கள் இந்த மாதங்களில் வருகின்றன. முதல் கூட்டத்தில் உட்கார்ந்து வரவு செலவு வாசிப்பதைக் கேட்டு, என்ன தீர்மானம் போட்டார்கள் என்று எழுதிவைத்து, அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று நேரில் போய்ப் பார்த்து, அடுத்த கூட்டத்தில் எழுந்து கேட்கிற பதினெட்டு வயதுப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். உள்ளாட்சி பற்றி நான் ஒரு பருவம் முழுக்க நடத்தினாலும் அந்தத் தைரியத்தை என்னால் கொடுக்க முடியாது.

வடகிழக்குப் பருவமழையும் இந்த மாதங்களில்தான். 2015-இல் சென்னையிலும், 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் இடுப்பளவுத் தண்ணீரில் பால் பாக்கெட்டும் சாப்பாட்டுப் பொட்டலமும் தூக்கிக்கொண்டு போனவர்களில் இளைஞர்கள் எத்தனை பேர்! யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகஸ்டிலேயே வாய்க்கால் எங்கே அடைத்திருக்கிறது, எந்த வீட்டில் கர்ப்பிணி, எந்த வீட்டில் நடக்க முடியாத தாத்தா என்று பட்டியல் எடுத்து ஊராட்சிச் செயலரிடம் கொடுத்துவைத்திருந்தால் மழை வரும்போது அந்த உழைப்பு இன்னும் எத்தனையோ பேருக்கு உதவியிருக்கும்.

இதை நான் காற்றில் சொல்லவில்லை. எங்கள் மாணவி ஒருத்தி, கல்லூரிக்கு வருமுன் குடும்பச் சூழ்நிலையால் ஒரு வருடம் வீட்டில் இருந்தவள். அரசின் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து சாயங்காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வரும் பாட்டிகள் மெல்ல மெல்லத் தங்கள் காகிதங்களையும் அவளிடம் நீட்ட ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை வரவில்லை. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், ஓடிபி போகும் நம்பரோ திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையது. களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை. இ-சேவை மையத்துக்கும் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் பாட்டியைக் கூட்டிக்கொண்டு அலைந்து, மனு எழுதிக் கொடுத்து, கடைசியில் அந்தப் பணம் வரவைத்தாள். அப்புறம்தான் எங்கள் துறைக்கு விண்ணப்பித்தாள். அரசு நிர்வாகம் பற்றிய பாடத்தில் புத்தகத்தைத் தாண்டிக் கேள்வி கேட்டவள் அவள்தான். அவளுக்கு அது தற்செயலாக வாய்த்தது. மற்ற பிள்ளைகளுக்கு அதை நாம் திட்டமிட்டுக் கொடுக்கலாம் அல்லவா?

நீட்டுக்காக ஒரு வருடம் வீட்டிலோ கோச்சிங் விடுதியிலோ உட்கார்ந்து திரும்ப எழுதினால் அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை, கடன் வாங்கியும் அனுப்புகிறோம். ஊருக்காக ஆறு மாதம் என்றால் மட்டும் 'படிப்பு விட்டுப்போகும்' என்ற பயம் வருகிறது. அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. பெண்பிள்ளை ஆறு மாதம் வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சு ஆரம்பித்துவிடும். பையன் என்றால் துணிக்கடைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய், நாலு காசு பார்த்த பிறகு திரும்ப வராமல் போகலாம். அதனால்தான் சேர்க்கை முதலில் நடக்க வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன். கல்லூரி அடையாள அட்டை, பஸ் பாஸ், பொறுப்பாசிரியர் எல்லாம் ஜூலையிலேயே வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாயும் அப்போதிருந்தே வர வேண்டும். அதற்கு மேல் ஒரு உதவித்தொகையும் வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அனுபவம் தேடிப் போவதாக முடிந்துவிடும். ஜெர்மனியில் இளைஞர்கள் விரும்பிச் சமூகப் பணி செய்யும் 'தன்னார்வ சமூக ஆண்டு'க்கு 1964-லேயே சட்டம் போட்டார்கள், அதில் சேரும் இளைஞர்களுக்குக் கைச்செலவுப் பணமும் காப்பீடும் உண்டு. நம்மாலும் முடியும். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் எழுத்தறிவுக்காக நடந்த அறிவொளி இயக்கத்தில் கிராமம் கிராமமாகப் போய்ச் சொல்லிக்கொடுத்த இளைஞர்களைக் கண்ட மாநிலம் இது.

இன்னும் இரண்டு விஷயம். இந்தப் பிள்ளைகளை எந்த அலுவலகமும் டேட்டா என்ட்ரிக்கும் விழாவுக்குக் கூட்டம் சேர்க்கவும் பயன்படுத்தக் கூடாது, நிரப்பாத பணியிடத்துக்கு மாற்றாளாகவும் ஆக்கக் கூடாது. ஊர்த் தெரு, காலனி என்று பிரிந்து கிடக்கும் இடங்களில் எல்லா மாணவரும் இரண்டு பக்கமும் வேலை செய்ய வேண்டும், அதைப் பொறுப்பாசிரியர் மாதாமாதம் நேரில் வந்து பார்க்க வேண்டும். இதில் விட்டுக்கொடுத்தால் எந்தத் தெருவுக்குள் போகக் கூடாது என்பதைத்தான் அவர்கள் கற்றுக்கொண்டு வருவார்கள்.

அடுத்த சேர்க்கைக்கான இணைய விண்ணப்பத்தில் 'ஜனவரியில் சேர விரும்புகிறேன், அதுவரை களப்பணி' என்று ஒரு கட்டம் கூடுதலாகப் போடுங்கள். எத்தனை பேர் அதை டிக் செய்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். எங்கள் மாவட்டத்தில் தொடங்குவதாக இருந்தால் முதல் குழுவுக்குப் பொறுப்பாசிரியராக இருக்க நான் தயார்.

இப்படிக்கு,
ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியர்