மீந்துபோன அரை கிளாஸ்

காட்பாடி,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்ளே,

குடியை எப்படிக் குறைத்தாய், இப்போது எப்படி இருக்கிறது என்று போனில் நீ கேட்டதற்கு "ம், பரவால்ல" என்று வைத்துவிட்டேன். பக்கத்தில் மருமகன் உட்கார்ந்திருந்தார். உன் மச்சினனுக்காகத்தான் கேட்டாய் என்று தெரியும், அதனால் விவரமாக எழுதுகிறேன்.

முதல் விஷயம், அவனை "நாளையிலிருந்து தொடாதே" என்று வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். நான் கார்த்திகையில் மாலை போட்ட கதை உனக்குப் பாதிதான் தெரியும். தினம் மூன்று குவார்ட்டர் போய்க்கொண்டிருந்த உடம்பு. ஒரே ராத்திரியில் நிறுத்தினேன். மறுநாள் கை நடுக்கத்தில் விபூதி நெற்றிக்கு வராமல் சட்டையில் கொட்டியது. அதற்கு மறுநாள் பூஜையில் சரணம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வலிப்பு. தெருவே சாமி குத்தம் என்றது. பாவம், சாமி என்ன செய்யும்? வருஷக்கணக்காகக் குடித்துப் பழகிய மூளைக்குத் திடீரென்று நிறுத்தினால் இப்படி ஆகும், சிலருக்கு உயிரே போகும் என்று பிற்பாடு டாக்டர் சொன்னார்.

அப்புறம் உன் தங்கச்சி ஒரு வேலை செய்தாள். யாரோ சொன்னார்கள் என்று குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்கிற டைசல்ஃபிரம் மாத்திரையைப் பொடித்து எனக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஒரு கட்டிங் உள்ளே போனதும் முகம் நெருப்பாகி, நெஞ்சு அடித்துக்கொண்டு, வாந்தி. மாரடைப்பு என்றே நினைத்தேன். ஆட்டோவில் போகும்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். திட்ட எனக்கு என்ன யோக்கியதை? ஆனால் உன் மச்சினன் வீட்டில் யாராவது இந்த யோசனை சொன்னால் கட்டாயம் தடுத்துவிடு. தெரிந்து, டாக்டர் சொல்லிச் சாப்பிட வேண்டிய மாத்திரை அது.

அதற்கப்புறம்தான் வெட்கத்தை விட்டு மனநல டாக்டரிடம் போனேன். ஊர் என்ன பேசும் என்ற பயத்தில் மனநல ஆஸ்பத்திரி இருக்கிற பாகாயத்துக்குப் போகும் பஸ்ஸில் இரண்டு தடவை ஏறி, பாதியிலேயே இறங்கித் திரும்பியவன் நான். அவர் அதட்டவே இல்லை. கணக்குத்தான் போட்டார். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், சுத்தச் சாராயமாக ஏறக்குறைய 60 கிராம். நாளுக்கு மூன்று என்றால் 180 கிராம். அதுவரை நான் பாட்டிலைத்தான் எண்ணியிருந்தேன்.

கல்லீரல் சோதனை முடிந்தபின், அவர் பார்வையில் வாரம் வாரமாக அளவை இறக்கினோம், கூடவே தயமின் என்கிற வைட்டமின். அப்புறம் நால்ட்ரெக்ஸோன், 50 மில்லிகிராம். தூக்க மாத்திரையும் இல்லை, வாந்தி வரவைக்கிற மருந்தும் இல்லை. குடித்ததும் மூளையில் ஊறுகிற, சுகம் தருகிற எண்டார்ஃபின் வந்து உட்காருகிற சீட்டில் இது முன்னாலேயே துண்டு போட்டுவிடும். பண்டிகை நாளில் காட்பாடி பஸ்ஸில் ஜன்னல் வழியாக நாம் போடுவோமே, அது மாதிரி. சரக்கு உள்ளே போகும், தள்ளாட்டமும் வரும், அந்த 'ஆஹா' மட்டும் வராது. நிறைய பேருக்கு இதைத் தினமும் போடச் சொல்வார்களாம். எனக்குக் குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால். பின்லாந்தில் ஆராய்ச்சி செய்த சின்க்ளேர் என்பவர் சொன்ன முறையாம். முதல் வாரம் குமட்டல் இருந்தது. டிரமடால் மாதிரி வலி மாத்திரைகள் இதோடு ஆகாது, அதனால் பல் டாக்டரிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். கல்லீரல் மோசமாக இருந்தால் இது கொடுக்க மாட்டார்கள், வேறு மருந்து இருக்கிறது. உன் மச்சினனுக்கு எது என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மூன்றாவது மாதம் ஒரு நாள் காலை உன் தங்கச்சி சமையலறையிலிருந்து, "என்னங்க, இது என்ன?" என்றாள். ஜன்னல் கட்டையில் அரை கிளாஸ் பிராந்தி அப்படியே இருக்கிறது, மேலே ஒரு எறும்பு மிதக்கிறது. ராத்திரி ஊற்றி வைத்தவன் மறந்துபோய்ப் படுத்துவிட்டேன். மாப்ளே, நான் மறந்திருக்கிறேன்! கடைசிச் சொட்டுக்குப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் காத்திருந்தவன். அவள் அதைக் கொட்டவும் மனமில்லாமல் வைக்கவும் மனமில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாத்திரை போடாமலே குடித்துவிட்டு மூன்று நாள் பழைய ஆளாகத் திரிந்தேன். டாக்டரிடம் மறைக்காமல் சொன்னேன். "சரி, நோட்டில் எழுதுங்க" என்றார், அவ்வளவுதான். காலண்டர் பின்பக்கத்தில் எழுதுகிறேன். வாரத்துக்கு 21 குவார்ட்டர் இருந்தது இப்போது 3, சில வாரம் சைபர்.

கஷ்டம் சாராயத்தில் இல்லை, சாயங்காலம் ஆறு மணியில் இருக்கிறது. அந்த நேரத்தில் என்ன செய்வது என்றே தெரியவில்லை. வேலூர்க் கோட்டை வரைக்கும் போய் அகழியைச் சுற்றி நடக்கிறேன். நடந்து வந்தால் வாய் இனிப்பு கேட்கிறது. நீ அடுத்த வாரம் வரும்போது ஆற்காட்டில் இறங்கி மக்கன் பேடா அரைக் கிலோ வாங்கி வா. மச்சினனையும் கூட்டி வா, அவனிடம் நான் எதுவும் கேட்க மாட்டேன், மூன்று பேரும் நடந்துவிட்டு வருவோம்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்