கயாக் மீன்பிடிப் பயிற்சி: சேவைக் குறைபாடு குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: முட்டுக்காடு கழிமுகத்தில் நடந்த அரைநாள் கயாக் (சிறு துடுப்புப் படகு) மீன்பிடிப் பயிற்சி – கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா / அம்மா,

கடந்த சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கு நாங்கள் நான்கு பேர் தலைக்கு 3,500 ரூபாய் கட்டி வந்திருந்தோம். மீன் கிடைக்கவில்லை என்பதற்காக இதை எழுதவில்லை. உங்கள் பயிற்றுநர் நல்ல தூண்டில்காரர். கொடுவா எந்தக் கல்லோரம் ஒதுங்கும், லூரை (செயற்கை இரையை) எங்கே நிறுத்தி எங்கே சுண்ட வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் நீங்கள் விற்றது கயாக்கில் உட்கார்ந்து மீன் பிடிக்கும் பயிற்சி. அவர் சொல்லித் தந்ததைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே கற்றிருக்கலாம்.

கவிழ்ந்தால் திரும்ப ஏறுவது எப்படி என்பதுதான் இந்தப் பயிற்சியில் முதல் பாடமாக இருக்க வேண்டும். உங்கள் விளம்பரத் தாளிலும் அப்படித்தான் இருக்கிறது. நடந்ததோ, வந்த கால் மணி நேரத்தில் ராடு (தூண்டில் கோல்) கைக்கு வந்துவிட்டது. மேலே உட்காரும் வகைக் கயாக்கில் ஏறுவது கடினமான வேலை இல்லை. கவிழ்ந்த படகின் ஓரத்தில் நின்று, மறுபக்க விளிம்பையோ தண்ணீர் வடிவதற்கான ஸ்கப்பர் ஓட்டையையோ பிடித்து இழுத்தால் படகு நிமிரும். பிறகு நடுப்பகுதிக்கு நேராக வந்து, உடம்பு தண்ணீர் மட்டத்துக்கு வரும்வரை காலை உதைத்து, வயிற்றைப் படகின் மேல் போட வேண்டும். அப்படியே புரண்டு உட்கார்ந்து, கடைசியில் காலை உள்ளே எடுக்க வேண்டும். காலை உதைக்காமல் கைபலத்தில் ஏறப் பார்த்தால் படகு மறுபடியும் தலைமேல் கவிழும். மார்பளவுத் தண்ணீரில் ஆளுக்கு மூன்று முறை செய்துபார்த்தால் போதும். நான்கு பேருக்கும் சேர்த்து நாற்பது நிமிடம்கூட ஆகாது.

லைஃப் ஜாக்கெட்டுகளில் இரண்டு, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறின. ஒரு கயாக்கின் பின்முனையில் டிரெயின் பிளக்கே (உள்ளே சேரும் தண்ணீரை வடிக்கும் ஓட்டையின் அடைப்பான்) இல்லை. ஓட்டைக்குள் துணி திணித்திருந்தது. உள்ளே பத்து லிட்டர் தண்ணீர் புகுந்தாலும், படகு சாயும் பக்கமெல்லாம் அந்தத் தண்ணீரும் ஓடிச் சாய்வைக் கூட்டும் என்பது வாடகைக்குப் படகு விடுகிறவர்களுக்குத் தெரியாததல்ல.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருப்போம். நங்கூரத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

மூன்று கிலோ மடக்கு நங்கூரத்தை, ஐந்து மீட்டர் நைலான் கயிற்றில், இருக்கைக்குப் பக்கத்திலுள்ள தூக்கு கைப்பிடியில் இறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தார் பயிற்றுநர். அங்கே ஆழம் இரண்டு மீட்டர். கடல் வற்றும் நேரம், தண்ணீர் முகத்துவாரத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பக்கத்தில் கட்டினால் படகு ஓட்டத்துக்குக் குறுக்கே நிற்கும். மூன்றரை மீட்டர் நீளம் முழுவதையும் தண்ணீர் தள்ளும். கயிறோ ஓட்டம் வரும் பக்கத்து விளிம்பைக் கீழே இழுக்கும். அந்த விளிம்பின் மேல் தண்ணீர் ஏறியதும் படகு ஓட்டம் வரும் பக்கமே கவிழும். நிதானிக்க நேரம் கிடைக்காது. எங்களில் ஒருவருடைய கயாக் அப்படித்தான் சாய்ந்தது. இறுகிய முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. யாருக்கும் கத்தி தரப்படவில்லை. பிரெய்டு (பின்னல் தூண்டில் நூல்) நறுக்கும் சின்னக் கத்தரிக்கோலால் கயிற்றை அறுத்துத்தான் படகை மீட்டோம்.

சரியான முறை புதிதல்ல. கயாக்கின் முன்முனையிலும் பின்முனையிலும் ஒவ்வொரு கப்பி. இரண்டையும் சுற்றி, பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கயிற்று வளையம். அதில் ஒரு இரும்பு வளையம். நங்கூரக் கயிறை அந்த வளையத்துக்குள் விட்டு, இருக்கைக்கு அருகே உள்ள பிடிப்பானில் செருக வேண்டும், முடிச்சுப் போடக் கூடாது. பிறகு வளையத்தை முனைவரை இழுத்துவிட்டால் படகின் குறுகிய முனை மட்டுமே ஓட்டத்தைச் சந்திக்கும். கயிற்றின் கடைக்கோடியில் ஒரு சிறு மிதவை இருந்தால், ஆபத்து வந்ததும் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டு விலகி, பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். இதற்கான பொருள்கள் எல்லாம் ஒரு ராடின் விலைகூட ஆகாது.

நங்கூரம் பிடிக்காமல் இழுபட்டபோது, இன்னும் கனமானது வேண்டும் என்றார் பயிற்றுநர். கனம் குறையவில்லை, கயிறுதான் குறைவு. இரண்டு மீட்டர் ஆழத்தில் ஓட்டம் இருந்தால் பத்து மீட்டர் கயிறாவது விட வேண்டும். அப்போதுதான் இழுப்பு தரையோடு படிந்து வரும், கொக்கிகள் சேற்றில் இறங்கும். அதற்கு ஒன்றரைக் கிலோ நங்கூரமே தாராளம்.

அவர் மேல் முழுப் பழியையும் போட எங்களுக்கு மனமில்லை. மணல் திட்டு முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மாதங்களில் இந்தக் கழி குளம்போலக் கிடக்கும்; அப்போது நங்கூரத்தை எங்கே கட்டினாலும் ஒன்றும் ஆகாது. அந்தப் பழக்கத்தை, முகத்துவாரம் திறந்து ஓட்டம் ஓடும் நாளிலும் அவர் தொடர்கிறார். கடல் ஏறி வற்றும் ஓத நேரத்தைப் பார்த்து வகுப்பு நேரத்தைக் குறிப்பது உங்கள் அலுவலகத்தின் வேலை. வற்றத்தோடு சேர்ந்து பாலத்தை நோக்கிப் போய், களைத்த பிறகு எதிர்நீச்சலாகத் திரும்பும்படி வைத்திருக்கிறீர்கள். பழகாதவர் மணிக்கு நான்கு கிலோமீட்டர் துடுப்புப் போட்டாலே அதிகம். எதிரே மூன்று கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீர் வந்தால் மிஞ்சுவது ஒன்று. நண்பகலில் கடல்காற்று எழுந்து வற்றத்தோடு மோதும்போது, முகத்துவாரத்தருகே அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் வரும். பாலத் தூண்களுக்கு மேலே, ஓட்டம் வரும் பக்கத்தில், நங்கூரமே போடக் கூடாது. அறுந்தால் படகு நேராகத் தூணில்தான் போய் மோதும். அங்கேதான் எங்களை நிறுத்தினார்கள்.

தூண்டில் பக்கத்திலும் குறை உண்டு. கொடுத்தவை கரையில் வீசும் ஒன்பது அடி ராடுகள். உட்கார்ந்தபடி மீனைப் பக்கத்தில் கொண்டுவர அவை நீளம் அதிகம். பின்னால் சாய வேண்டியிருக்கிறது. ஏழு அடி போதும், மீன் முன்முனைக்கு அடியில் ஓடினாலும் ராடைச் சுற்றிக் கொண்டுபோகலாம். டிராக்கை (மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் ரீலின் பிரேக்கை) முழுக்க இறுக்கி வைத்திருந்தார்கள். இருபது பவுண்டு பிரெய்டுக்கு இரண்டு கிலோ இழுப்பு போதுமானது. மிச்ச வேலையைப் படகே இழுபட்டுச் செய்துவிடும். கெளுத்தி சிக்கினால் முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷ முள் உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கயாக்கில் மீன் வந்து விழுவது இரண்டு தொடைகளுக்கு நடுவே. ஒரு குறடுகூட இல்லை.

கையெழுத்து வாங்கிய படிவத்தில் ‘விபத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று இருப்பதை உங்கள் தொலைபேசி ஊழியர் நினைவூட்டினார். முடிச்சுப் போட்டது நாங்கள் அல்ல.

எனவே, நான்கு பேரின் கட்டணம் 14,000 ரூபாயைப் பதினைந்து நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். கயாக் ஒவ்வொன்றிலும் கப்பி வளையமும் கத்தியும் பொருத்தி, திரும்ப ஏறும் பயிற்சியை முதல் பாடமாக்கும்வரை ஓட்டமுள்ள நாள்களில் வகுப்பு நடத்துவதை நிறுத்தி, அதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். இந்த இரண்டாவது கோரிக்கைக்கு உங்கள் பதில் வராவிட்டால், பணம் வந்துசேர்ந்தாலும்கூட, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்.

இப்படிக்கு,
பயிற்சிக்கு வந்த நால்வர்

இணைப்பு: பணம் கட்டிய ரசீது, நங்கூரம் கட்டியிருந்த விதத்தைக் காட்டும் மூன்று படங்கள், துணி அடைத்த டிரெயின் ஓட்டையின் படம், அறுத்த கயிற்று முனையின் படம்.